பசிப்பிணியும் பருமனும்: யாழ்ப்பாணத் தீவகத்துச் சிறாரின் உணவு பற்றிய ஒரு சமூகவரலாற்று நோக்கு

1

சிறாரின் உடற்பருமனைத் தீவகத்தை முன்வைத்து ஆராய முற்படுவது முதல் நோக்கிற் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எனக் கடலிடையே சிதறிக் கிடக்கும் இந்நிலப்பகுதியின் வரலாறு பெருமளவுக்குப் பற்றாக்குறையின் வரலாறாகும். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுவே போலத் தெரியும். 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். ஏறத்தாழ 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை அற்றவர்கள். நிறை மிகுந்தவர்கள் 2 பேர் மாத்திரமே. மெலிந்த குழந்தைகளின் நாட்டிலே பருமனைப் பற்றிப் பேசுவது நகரத்து வசதி படைத்தோரின் கவலையை எல்லோர் மீதும் ஏற்றுவதாகாதா என்ற வினா நியாயமானது.

ஆயின் இதே நாட்டில் 2015 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட மதிப்பீடொன்று, வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் நிறை மிகுந்தவர்களாயிருந்ததைக் காட்டிற்று. மெலிந்த குழந்தை பருத்த மனிதனாவது ஒரே இரவில் நிகழ்வதன்று. இடையே உள்ளவை பள்ளிப் பருவமும் இளமைப் பருவமுமாகும். எனவே குழந்தையின் மெலிவையும் வளர்ந்தோரின் பருமனையும் இரு வேறு வர்க்கங்களின் இரு வேறு நோய்களாகக் கொள்வது தவறு. ஒரே சமூகத்தின், பல வேளைகளில் ஒரே உடலின், முன்னும் பின்னுமான இரு நிலைகள் அவை.

உலக சுகாதார நிறுவனம் நியமித்த ஆணைக்குழு 2016 ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, சிறாரின் உடற்பருமனைத் தடுப்பதற்கு அரசும் பாடசாலையும் குடும்பமும் சமூகமும் ஒருங்கே செயற்பட வேண்டுமென வற்புறுத்திற்று. இது மறுக்கத்தக்கதன்று. எனினும் நடைமுறையில் இவ்வறிவுரை எம்மவரை வந்தடையும்பொழுது, தாய்மாருக்கு வழங்கப்படும் துண்டுப் பிரசுரமாகவும் மாணவருக்கு நிகழ்த்தப்படும் அரைமணி நேரச் சொற்பொழிவாகவும் சுருங்கிவிடுகின்றது. குடும்பம், பாடசாலை, சமூகம் என்பன வரலாறற்ற வெற்றுச் சொற்களாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம். தீவகத்தில் இம்மூன்றும் எவ்வாறு உருவாயின, உணவின் மீதான அதிகாரம் இவற்றின் கையிலிருந்து எவ்வாறு நழுவிற்று என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தமிழிலே பசியை ஒரு நோயாக வகுத்து ஆராய்ந்த பேரிலக்கியம் மணிமேகலை. அக்காப்பியத்தின் மணிபல்லவத்தை நயினாதீவுடன் இனங்காணும் மரபு ஒன்றுண்டு. அது புவியியல் முறையில் நிறுவப்பட்டதா என்பது வேறு விடயம். அம்மரபு இன்றும் உயிருடன் உள்ளது என்பதற்கு நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் அமுதசுரபியின் பெயரைத் தாங்கி நிற்பதே சான்று.

எமது ஆய்வுக்கு முக்கியமானவர்கள் அக்காப்பியத்தின் இரு பாத்திரங்கள். ஒருவன் ஆபுத்திரன். மணிபல்லவத்தில் தனியனாக விடப்பட்ட அவன், பகிர்ந்துண்ண எவருமில்லாத இடத்தில் அள்ளக் குறையாப் பாத்திரத்தால் தன்னை மாத்திரம் பேணிக்கொள்ள விரும்பாது, அதனைப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர் துறக்கின்றான். மற்றவள் காயசண்டிகை. யானைத்தீ என்னும் நோய்க்கு ஆளான அவள் பன்னிரண்டு ஆண்டுகள் எவ்வளவு உண்டும் நிறைவடையாதிருந்து, மணிமேகலை இட்ட உணவினால் நோய் நீங்குகின்றாள். உண்பது பெருகியும் பசி தீராத நிலை ஒன்றுண்டு என்பதைப் பண்டைத் தமிழ்க் கற்பனை அறிந்திருந்தது. அதற்கு அது கண்ட மருந்து பொதுக் கலத்திலிருந்து வந்த உணவு.

இக்காப்பியத்தை வணிகச் செல்வம் பெருகிய நகர வாழ்வின் விளைபொருளாகக் காண்போர், அது முன்வைக்கும் தீர்வின் எல்லையையும் காண்பர். பசி தீர்த்தல் அங்கு அறம், உண்பவனின் உரிமையன்று. கோயில் அன்னதானம் இன்றுவரை அவ்வெல்லைக்குள் நிற்பது. திருவிழாக் காலத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு உணவிடும் தீவிலே, சாதாரண செவ்வாய்க்கிழமையொன்றில் ஆறாம் வகுப்பு மாணவி பகல் பன்னிரண்டு மணிக்கு எதை உண்கின்றாள் என்ற வினாவை அறம் எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்பியது நவீன காலத்துப் பாடசாலை.

3

பண்ட உணவு பரவுமுன் தீவகத்து உணவின் அடித்தளம் பனையும் கடலும் சிறுதானியமுமாக அமைந்திருந்தது. பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று எனக் கூறும் தாலவிலாசம் என்ற நூலைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியரும் எழுதினர். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பழத்தின் களியை உலர்த்தினால் பனாட்டு. கருப்பநீரைக் காய்ச்சினால் பனங்கட்டி. சாமை, வரகு, குரக்கன் ஆகியன வானம் பார்த்த நிலத்தில் விளைந்தன. ஒடியல்மாவுடன் மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இலைக்கறியும் புளியும் செத்தல் மிளகாயும் சேரும் கூழ், ஒரே பானையில் மாப்பொருளையும் புரதத்தையும் நாரையும் கொண்டுவந்தது. தேநீர் வந்த பின்னரும் அதனைப் பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக் குடிக்கும் வழக்கம் இனிப்பை அளவுக்குள் வைத்திருந்தது.

இதனைப் பொற்காலமெனப் போற்றுவோர் மூன்று உண்மைகளை மறக்கின்றனர். முதலாவது, இவ்வுணவுடன் இறப்பும் இருந்தது. மலேரியா கொள்ளைநோயாகப் பரவிய 1935 ஆம் ஆண்டில் இலங்கையில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் மாண்டன. இரண்டாவது, பனையில் ஏறியவனும் பனைநிலத்தின் உடைமையாளனும் வேறு வேறு சாதியினர். மாரியிலே ஒடியற்கூழ் சிலருக்குச் சுவைமாற்றம். சிலருக்கு அதைத் தவிர வேறு உணவில்லை. ஒடியல் வறியோரின் அடையாளமாகவும் நெல்லரிசிச் சோறு மதிப்பின் அடையாளமாகவும் அமைந்தமை இவ்வுறவின் விளைவே. மூன்றாவது, ஒடியல்மாவை இடிப்பதும் அரிப்பதும், கசப்பு நீங்க ஊறவைத்துப் பிழிவதும் பெண்களின் உழைப்பு. அவ்வுழைப்புக்குக் கூலியில்லை, ஓய்வுமில்லை. பாண் வந்தபொழுது அதனை முதலில் வரவேற்றவர்கள் பெண்களாயின் அதில் வியப்பதற்கு யாதுமில்லை.

4

1942 ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் வசமாகியதும் இலங்கைக்கு வந்த அரிசி தடைப்பட்டது. கூப்பன் முறை வந்தது; கோதுமை மா பொதுமக்களின் அன்றாட உணவாயிற்று. யுத்தம் முடிந்தும் மா நீங்கவில்லை. தீவகத்தில் இம்மாற்றம் ஒரு தனித்தன்மை கொண்டது. புங்குடுதீவு, காரைநகர், நயினாதீவு முதலிய இடங்களைச் சேர்ந்தோர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் சாப்பாட்டுக்கடைகளும் மளிகைக்கடைகளும் நடத்தியவர்கள். வேளாண்மைக்குப் போதிய நிலமும் நீருமற்ற தீவு, தனது ஆண்களை வணிகத்துக்கு அனுப்பி, அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளையில் வாழப் பழகிற்று. பணிசும் சீனித் தேநீரும் விற்ற தந்தையின் வருவாயில் வளர்ந்த பிள்ளைக்குப் பணிசு ஊரிலும் உயர்வின் சின்னமாயிற்று. உணவு உற்பத்திசெய்யப்படும் பொருளென்ற நிலை மாறி, வாங்கப்படும் பொருளாகியமை இங்கு யுத்தத்துக்கு முன்னரே தொடங்கிவிட்டது.

பாடசாலை உணவின் வரலாறு இதே காலத்தது. யாழ்ப்பாணத்தில் அவ்வரலாற்றைச் சாதியிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. 1920களின் இறுதியில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதி மாணவரும் ஒரே வகையான இருக்கையில் அமர வேண்டுமென்ற விதி வந்தபொழுது, அதனை எதிர்த்தோர் பாடசாலைகளைத் தீக்கிரையாக்கினர். 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸின் காலத்துச் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கை, யாருடன் அமர்வது, யாருடன் உண்பது என்பன கல்வியின் உள்ளீடான பிரச்சினைகள் என்பதை உணர்த்திற்று. வகுப்பறையில் ஒரே பந்தியில் உண்ணும் குழந்தைகள் என்னும் காட்சி இங்கு இயல்பாக வந்ததன்று, போராடிப் பெறப்பட்டது.

பெற்றது நிலைக்கவில்லை. 1953 ஆம் ஆண்டு நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தனா, கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதுடன், பாடசாலை மாணவரின் இலவச மதிய உணவையும் நிறுத்தினார். அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி நடைபெற்ற ஹர்த்தால் பிரதமரைப் பதவி விலகச் செய்யுமளவுக்கு வலுப்பெற்றது. அரிசிக்காக நடைபெற்ற போராட்டமென்றே அது பெரும்பாலும் நினைவுகூரப்படுகின்றது. குழந்தையின் மதிய உணவு அரசியலாகிய நாள் அது என்பது அதே அளவு முக்கியமானது.

பின்வந்த காலத்தில் அரசு உணவளிப்பதிலிருந்து முற்றாக விலகவில்லை. உணவின் தன்மை மாறிற்று. வெளிநாட்டு உதவி மாவும் பிஸ்கற்றும் பாடசாலைகளை அடைந்தன. 1973 இல் திரிபோஷா தொடங்கப்பட்டது. அது பல தாய்மாரையும் குழந்தைகளையும் காத்தது என்பதை மறுக்கலாகாது. எனினும் ஊரில் விளைவதை ஊர்ப் பிள்ளைக்கு ஊட்டும் ஏற்பாடு எங்கும் உருவாகவில்லை. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிப் பண்டங்களுக்கு வாயில் திறந்தது. 1980 முதல் திருகோணமலையில் இயங்கிய பெரும் மாவாலை கோதுமை மாவை நாட்டின் மூலைமுடுக்கெங்கும் கொண்டு சென்றது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது. ஆயின் பனை உணவு பாடசாலைப் பந்திக்குச் செல்லவில்லை. விழாக்காலப் பணியாரமாகவும் புலம்பெயர்ந்தோர் எடுத்துச் செல்லும் நினைவுப் பொதியாகவுமே அது எஞ்சிற்று.

5

யுத்தம் இப்போக்கைத் துரிதப்படுத்திற்று. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் குழந்தையுட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டபின், கடல்வழிப் பயணமே அச்சத்துக்குரியதாயிற்று. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். ஆளற்ற ஊரின் வெறுமையைச் சு. வில்வரத்தினத்தின் 'காற்றுவெளிக் கிராமம்' பதிவு செய்துள்ளது. குடாநாட்டில் அவர்களை எதிர்கொண்டது பொருளாதாரத் தடை. மீனவன் கடலை இழந்தான். சிறுவிவசாயி தோட்டத்தை இழந்தான். இருவர் கையிலும் எஞ்சியது நிவாரண அட்டை. அரிசி, மா, சீனி, பருப்பு என அமைந்த நிவாரணம் உயிரைக் காத்தது. அதே வேளை, மாவும் சீனியும் அடிப்படை உணவென ஒரு தலைமுறை முழுவதையும் பழக்கியது.

இங்கு மருத்துவ அறிவு தரும் சான்றொன்று கவனத்துக்குரியது. 1944-1945 மாரியில் ஜேர்மானியர் விதித்த தடையினால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினியில் வாடிற்று. அப்பொழுது கருவிலிருந்து, பின்னர் பத்தொன்பது வயதை அடைந்த ஏறத்தாழ மூன்று இலட்சம் இளைஞரைப் பற்றிய ஆய்வு 1976 இல் வெளிவந்தது. கருப்பகாலத்தின் முற்பாதியிற் பட்டினிக்கு உள்ளானவர்களிடையே உடற்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. பூனா நகரத்து ஆய்வாளரும், நிறை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்தும் கொழுப்பு ஒப்பீட்டளவிற் குறையாமலும் இருப்பதை 2003 ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினர். கருவில் வறுமையை அறிந்த உடல், பின்னர் மலிவான மாவையும் சீனியையும் எதிர்கொள்ளும்பொழுது அவற்றைச் சேமித்துவைக்கும் இயல்பினது என்பதே இவற்றின் சாரம். தடையின் காலத்தில் கருவுற்ற தாய்மாரின் பிள்ளைகள் இன்று தாமே பெற்றோராயுள்ள ஒரு பிரதேசத்தில், பருமனை உண்பவனின் பேராசையாகக் காண்பது அறியாமை மாத்திரமன்று, அநீதியுமாகும்.

யுத்தத்தின் பின் புதிய வருவாய் புலம்பெயர்ந்தோரிடமிருந்து வந்தது. பழைய காசுக்கட்டளையின் இடத்தில் வெளிநாட்டுப் பணம். கொழும்புக் கடையின் இடத்தில் ரொறன்ரோவும் பாரிஸும். விடுமுறைக்கு வரும் மாமாவும் சித்தியும் பெட்டியில் கொண்டுவரும் சொக்கலேற்று, பிரிவின் துயரைப் பண்டத்தால் ஈடுசெய்யும் அன்பின் வடிவம். அதனைப் பழிப்பதற்கில்லை. ஆயின் உறவே பண்டத்தின் மூலம் பேசப் பழகியுள்ளதை அது காட்டுகின்றது.

6

இவ்வரலாற்றின் ஒளியில் குடும்பம், சமூகம் என்பவற்றை மீண்டும் நோக்குவோம்.

பிள்ளை மொழுமொழுவென்று இருப்பதைக் கண்டு மகிழ்வதும், நாவூறு பட்டுவிடுமென அஞ்சுவதும், சற்று மெலிந்தால் வாடிப்போனான் எனக் கலங்குவதும் எமது தாய்மாரின் இயல்பு. ஆயிரத்துக்கு 263 குழந்தைகள் மாண்ட காலத்தின் நினைவு இம்மொழியில் உறைந்துள்ளது. அக்காலத்தில் உடலின் கொழுப்பு காய்ச்சலுக்கு எதிரான காப்புறுதி. பால்மா விளம்பரம் இவ்வச்சத்தையே முதலாக இட்டு இலாபம் ஈட்டிற்று. தாயின் அச்சத்தை வரலாறாகப் புரிந்துகொள்ளாது அவளுக்கு அறிவுரை கூறுவது பயனற்றது. காலையில் மீன்வாடிக்கோ கூலிவேலைக்கோ செல்பவளிடம் ஒடியற்பிட்டு அவிக்குமாறு கூறுவது, கூலியற்ற உழைப்பை அவள்மீது மீண்டும் சுமத்துவதாகும்.

கடையை எடுத்துக்கொள்வோம். நெடுந்தீவுக்குச் செல்லும் பொருள் யாவும் குறிகாட்டுவானிலிருந்து படகேறுகின்றது. கீரை ஒரு நாளில் வாடும். பழம் இரு நாளில் அழுகும். பொதிசெய்யப்பட்ட பிஸ்கற்றும் பொரியலும் சோடாவும் மாதக்கணக்கிற் கெடா. கடல் கடந்த சிறுகடைக்காரன் எதை அடுக்குவான் என்பதை அவனது மனச்சாட்சி தீர்மானிப்பதில்லை; படகும் வெயிலும் முதலும் தீர்மானிக்கின்றன. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எவற்றை விற்கலாமெனக் கூறும் சுற்றுநிருபம், படலைக்கு வெளியே நிற்கும் பெட்டிக்கடையைக் கட்டுப்படுத்தாது.

அடுத்தது நீர். தீவகத்துக் கிணறுகள் பல உவர்நீருடையன; நன்னீர்க் கிணறு சமூக அதிகாரத்தின் மையமாக இருந்துவந்தது. 1971 இல் புங்குடுதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நீரள்ளும் உரிமைக்காக மு. தளையசிங்கம் அறப்போராட்டம் நடத்தினார். பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானார். 1973 இல் காலமானார். மார்க்சியத்தின் மீது அவர் வைத்த விமர்சனங்களையும் அவரது மெய்முதல்வாத நோக்கையும் நாம் ஏற்கவில்லை. எனினும் இலக்கியகாரன் ஒருவன் குடிநீரின் பொருட்டு உடலை முன்னிறுத்திய அந்நிகழ்ச்சி, எமது கோட்பாட்டு விவாதங்கள் பலவற்றினும் ஆழமாகத் தீவகத்தின் முரண்பாட்டைத் தொட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று அவ்வினா புதிய வடிவில் எழுகின்றது. நூறு மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராம் சீனி கொண்ட பானத்தில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 40 கிராம் சீனியை உடையது. நாளொன்றின் சக்தியில் சேர்க்கப்படும் சீனியின் பங்கு நூற்றுக்குப் பத்தைத் தாண்டலாகாது என்பது 2015 இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. ஏறத்தாழ 1500 கலோரி தேவைப்படும் சிறுபிள்ளைக்கு அவ்வொரு போத்தலே அவ்வளவைக் கடந்துவிடும். 2016 இல் பானங்களின் சீனியளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனக் குறிக்கும் விதியும் 2017 இல் சீனிப் பானங்கள் மீதான வரியும் வந்தன, வரவேற்கத்தக்கவை. ஆயின் பாடசாலைக் குழாயில் உவர்நீர் வருமாயின், நிறக்குறி எதையும் தடுக்கப்போவதில்லை.

இறுதியாக விளையாட்டு. கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் பயின்ற வெளிகள் இடப்பெயர்வின்பின் பற்றைக்காடாயின. மீண்டும் மக்கள் வந்தபொழுது, பிள்ளைகளின் மாலைப்பொழுதைத் தனியார் வகுப்பு எடுத்துக்கொண்டது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் முதல் உயர்தரம் வரை பரீட்சையே வெளியேறும் ஒரே வழியாக உள்ள தீவில், ஓடி விளையாடுமாறு கூறுவோரைப் பெற்றோர் செவிமடுக்கார்.

7

ஆகவே தீவகத்தில் உடற்பருமனைத் தடுத்தல் என்பது உணவையும் நீரையும் வெளியையும் பொதுவாக்கும் முயற்சியாகவே அமைய முடியும். அதன் மையம் பாடசாலைச் சமையலறை. தமிழகத்தில் 1920 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956 இல் காமராசர் ஆட்சியிலும் 1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் ஆட்சியிலும் விரிந்து, 2022 இல் காலை உணவையும் உள்ளடக்கிய திட்டம், சமையலை வீட்டுப் பெண்ணின் கூலியற்ற கடமையிலிருந்து விடுவித்துக் கூலியுள்ள பொதுப்பணியாக்க முடியுமெனக் காட்டிற்று. பிரேசில் 2009 இல் இயற்றிய சட்டம், பாடசாலை உணவுக்கென மத்திய அரசு வழங்கும் நிதியில் குறைந்தது நூற்றுக்கு 30 பங்கைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் செலவிட வேண்டுமென விதித்தது. அதே முறை இங்கு கைக்கொள்ளப்படின் அனலைதீவின் தோட்டக்காரனுக்கும் ஊர்காவற்றுறை மீனவனுக்கும் நெடுந்தீவில் மாடு வளர்ப்பவனுக்கும் ஒடியல் உலர்த்தும் பெண்ணுக்கும் நிலையான சந்தை உண்டாகும். ஆரம்ப வகுப்புகளுக்கு இன்றுள்ள உணவுத் திட்டம் இத்திசையில் விரிவுபெற வேண்டும். கூழ் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்ணும் உணவாகும்பொழுதே அதன்மீது படிந்துள்ள சாதி இழிவும் வறுமை இழிவும் நீங்கும்.

ஒல்லாந்தர் தமது நகரங்களின் பெயர்களை எமது தீவுகளுக்குச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் எனப்பட்டது. உண்மையான அம்ஸ்ரடாம் நகராட்சி 2012 அளவில் பாடசாலையிற் குடிநீர், உடற்பயிற்சி, அயலவர் பங்கேற்பு ஆகியவற்றை இணைத்துத் திட்டமொன்றைத் தொடங்கிற்று. நிறை மிகுந்த சிறாரின் பங்கு 2012 இல் நூற்றுக்கு 21 ஆக இருந்து 2015 இல் 18.5 ஆகக் குறைந்ததென அது அறிவித்தது. தாராளவாதக் கட்சியினர் ஒருவரே முன்னின்று அதனை நடத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது. சந்தையை நம்புவோரும் குழந்தையின் உடலைச் சந்தையிடம் விட அஞ்சினர்.

தீவகத்தின் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் உலகெங்கும் பரந்துள்ளன. அவற்றின் நிதியில் கோபுரங்கள் உயர்ந்துள்ளன, மண்டபங்கள் எழுந்துள்ளன. ஒரு நன்னீர்த் தாங்கி, ஒரு சமையலறை, வேலியற்ற ஒரு விளையாட்டுத் திடல் என்பன அவற்றினும் குறைந்த செலவின. எனினும் கொடையாளரின் பெயர்ப்பலகையில் இவ்வேற்பாடு தங்கிநிற்கலாகாது. தங்கிநிற்பின் அது மீண்டும் தானமாகிவிடும். 1953 இல் பறிக்கப்பட்டது உரிமை. அதனை உரிமையாகவே, எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமரும் பந்தியாகவே மீட்க வேண்டும். கல்வித் திணைக்களமும் பிரதேச சபைகளும் ஆசிரியர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இவ்வுரிமையைத் தமது வேலைத்திட்டத்தின் முதலிடத்தில் வைப்பது காலத்தின் தேவையாகும்.